பழைய கார் வாங்குமுன்: கியர்பொக்ஸ், கிளட்ச், எக்ஸல் பார்க்கும் முறை

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கடற்கரையோரமாகப் போகும் ஏ4 வீதியில் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும்; கார் நான்காம் கியரில் சோம்பலாகப் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்கு இது சுகம். பழைய கார் வாங்கப் போகிறவரை ஏமாற்றுவதும் இதுதான். கிளட்ச் பிளேட் முக்கால்வாசி தேய்ந்த கார்கூட இந்தச் சமதரையில் குறை தெரியாமல் ஓடும். பதுளை வீதியில் பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் தொடங்கும்போதுதான் அது தன் வயதைச் சொல்லும். அதற்குள் பணம் கை மாறி மாதக் கணக்கு ஆகியிருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது என்றாலும், வரியோடு சேரும்போது புதிய காரின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. எனவே இருபது, இருபத்தைந்து வயதுக் கார்களே இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார்கள், ஏசி குளிர்கிறதா என்று கேட்கிறார்கள், எஞ்சின் சத்தத்துக்குத் தலையாட்டுகிறார்கள். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரிய செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. முதன்முதலாகக் கார் வாங்குபவர், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகுமுன் தானே பார்த்துப் பாதிக் கார்களைக் கழித்துவிடுவதற்கான வழி கீழே.

எந்த வகை என்று தெரிந்துகொண்டு போங்கள்

டிஎக்ஸ் வேகன், டொல்பின் ஹைஏஸ், பழைய டவுன்ஏஸ் போன்றவற்றில் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளுகின்றன. கியர்பொக்ஸிலிருந்து நீளமான புரப்பெல்லர் தண்டு பின்னால் போய் டிஃப்பில், அதாவது சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியில், சேரும். சன்னி எஃப்பி14, கொரோலா ஏஇ100, மார்ச், விட்ஸ், மாருதி 800, ஆல்டோ எல்லாம் முன் சக்கர இழுவை. அவற்றில் கியர்பொக்ஸும் டிஃப்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அங்கிருந்து இரண்டு எக்ஸல்கள் முன் சக்கரங்களுக்குப் போகும்.

'ஓட்டோ கியர்' என்று விளம்பரத்தில் ஒரே சொல்லாகப் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது நான்கில் ஒன்றாக இருக்கலாம்: ஒயிலின் அழுத்தத்தில் கியர் மாற்றும் பழைய பாணிப் பெட்டி, இரும்புப் பட்டியும் இரண்டு கப்பிகளும் கொண்ட சிவிடி, மெனுவல் பெட்டியையே கணினி கையாளும் ஏஜிஎஸ் வகை, இரட்டைக் கிளட்ச். ஒரே பெயருள்ள காரிலும் இது மாறும். 1999இல் வந்த முதல் விட்ஸில் இருந்தது நான்கு வேக ஓட்டோ. 2005க்குப் பிந்திய தலைமுறையில் பெரும்பாலும் சிவிடி. ஃபிட் ஹைபிரிட்டில் 2010இல் வந்த ஜிபி1 சிவிடி. 2013இல் வந்த ஜிபி5 ஏழு வேக இரட்டைக் கிளட்ச். அந்த ஜிபி5 வெளிவந்த முதலிரண்டு ஆண்டுகளில் ஜப்பானில் பலமுறை திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. அதைப் பார்க்கப் போகிறவர் ஸ்கேன் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் இல்லாமல் போகவே வேண்டாம்.

குளிர்ந்த காரைக் கேளுங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், அண்ணன்" என்று முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். போனவுடன் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். மறுநாள் பார்ப்பதாகச் சொல்லுங்கள். தேய்ந்த மெனுவல் பெட்டியின் இரண்டாம் கியர் காலைக் குளிரில்தான் நறுக்கென்று கத்தும். ஓட்டோ பெட்டியின் தேய்ந்த சீல்களும் குளிரில்தான் தாமதமாகப் பிடிக்கும். இதற்கு நேர்மாறாக, வேறு சில கோளாறுகள் அரைமணி நேரம் ஓடி ஒயில் சூடாகி இளகிய பிறகே தெரியும். ஆகவே ஒரே நாளில் இரண்டு நிலையிலும் காரைப் பார்க்க வேண்டும். பத்து நிமிட ஓட்டத்துக்குமேல் தர மறுப்பவரின் காரை வாங்க அவசரம் இல்லை.

ஸ்டார்ட் செய்யுமுன் கீழே குனிந்து பாருங்கள். சிவப்பாகச் சொட்டினால் ஓட்டோ கியர் ஒயில். பவர் ஸ்டீயரிங் ஒயிலும் அதே நிறமாக இருக்கக்கூடும் என்பதால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தடிப்பாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஒயில் அல்லது டிஃப் ஒயில். அடிப்பாகம் பளிச்சென்று கழுவப்பட்டிருந்தால் அப்போதைக்கு எதையும் முடிவு செய்யாமல், ஓட்டம் முடிந்து திரும்பியதும் மறுபடி குனியுங்கள்.

கிளட்ச்: ஏற்றம் இல்லாத ஊரில் ஏற்றத்தை உண்டாக்குவது

சமதரையில் காரை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு மூன்றாம் கியரைப் போடுங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் சற்று வேகமாகச் சுழலும்போது கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி உடனே நின்றுவிடும். நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. இதை ஒருமுறைக்குமேல் செய்யாதீர்கள். பிளேட்டைத் தேய்க்கும் சோதனை இது, கார் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

வீதியில் செய்ய வேண்டியது இது. காரில் நான்கு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் மேல் கியரில் போகும்போது எக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகமும் எஞ்சின் சுழற்சியும் சேர்ந்தே ஏற வேண்டும். சுழற்சிமானி முள் துள்ளி மேலே போய், வேகம் மட்டும் சோம்பினால் அதுவும் வழுக்கல்தான். முள் இல்லாத காரில் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தலாம். பாலத்தில் நிறுத்த மட்டும் கூடாது. எனக்குப் பிடித்த இடம் வேறு: சேர்விஸ் நிலையத்தில் வண்டியை ஏற்றிக் கழுவும் சாய்வு மேடை, அல்லது அரிசி ஆலையில் லொறி ஏறும் சாய்தளம். அனுமதி கேட்டு, ஒருவர் வெளியே நின்று வழிகாட்ட, ரிவர்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். தேய்ந்த கிளட்ச் நடுங்கும், எரிந்த நாற்றம் அடிக்கும். ஓட்டோ கியர் காரிலும் ரிவர்ஸ் தளர்ந்திருந்தால் இங்கே ஏற மறுக்கும். ஐந்து நிமிட வேலை; மலை நாட்டுக்கு ஓட்டிப் போவதில் பாதிப் பலன் கிடைத்துவிடும்.

மிதியின் மேல்நுனியில் கிளட்ச் பிடிப்பது தேய்மானத்தின் அடையாளம் என்பார்கள். உண்மைதான். ஆனால் கேபிள் உள்ள கார்களில் ஒரு நட்டைத் திருகி அந்த இடத்தை மாற்றிவிடலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வழுக்கலுக்கு எதிரான கோளாறும் உண்டு: கிளட்சை அடிவரை மிதித்தும் விடுபடாமல் இருப்பது. முதல் கியர் போட மறுக்கும், ரிவர்ஸ் கரகரக்கும். ஹைட்ரோலிக் கிளட்ச் என்றால் மிதிக்கு மேலே, விரிப்பு ஓரத்தில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். கியர்பொக்ஸ் பக்கத்துச் சிறிய சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கியும் பாருங்கள். அங்கே ஒயில் கசிந்தால் வாஷரோ சிலிண்டரோ மாற்றினால் போதும், சின்னச் செலவு. விற்பவர் 'கியர்பொக்ஸ் போய்விட்டது' என்று நம்பி விலையை இறக்கி வைத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்கவும் பழகுங்கள். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதிக்கும்போது சத்தம் தொடங்கினால், மிதியோடு சேர்ந்து கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங். மிதிக்கும்போது சத்தம் அடங்கி, விட்டதும் திரும்பி வந்தால் கியர்பொக்ஸின் முன் தண்டுப் பெயரிங். முன்னதற்காகப் பெட்டியை இறக்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், பெயரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் புத்தி, ஏனென்றால் இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். எஞ்சினின் பின் சீலையும் அப்போதே பார்த்துவிடலாம். பின்னது என்றால் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும், கணக்கு வேறு.

மெனுவல் பெட்டி

எல்லாக் கியரிலும் ஏறி இறங்குங்கள். 40 கிலோமீற்றர் வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரப்பு வந்தால் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் முதலில் போவது இரண்டாம் கியரின் வளையம்தான். கார் முழுதாக நிற்குமுன் ரிவர்ஸ் போட்டுக் கரகரத்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். பல பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த வளையமே இல்லை.

அடுத்து, ஒவ்வொரு கியரிலும் நன்றாக மிதித்துவிட்டுக் காலைச் சட்டென்று எடுங்கள். கியர் தடியைப் பிடிக்காதீர்கள். தடி தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் பற்களோ கியர் நகர்த்தும் கவையோ தேய்ந்திருக்கிறது; எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தாலும் இப்படி நடக்கும் என்பதால் முதலில் மவுன்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் சக்கர வண்டிகளில் நான்காம் கியர் பொதுவாக நேரடி இணைப்பு. மற்றக் கியர்களில் எல்லாம் உறுமி நான்கில் மட்டும் அமைதியாக இருந்தால் கீழ்த் தண்டும் அதன் பெயரிங்குகளுமே சந்தேகத்துக்குரியவை.

சத்தம் போடும் பெட்டியிலும் டிஃப்பிலும் மரத்தூளைப் போட்டோ மிகத் தடித்த ஒயிலை ஊற்றியோ அடக்கி வைப்பது பழைய தந்திரம். கீழ் நட்டைக் கழற்றிக் கொஞ்சம் ஒயிலை வடித்துக் காட்டச் சொல்லுங்கள். நட்டின் காந்தத்தில் மென்மையான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. ஊசி போலவோ துண்டாகவோ இரும்பு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓட்டோவும் சிவிடியும்

கியர் ஒயிலின் அளவைப் பார்க்கும் அளவுகோல் உள்ள காரில் அதை இழுத்து ஒரு வெள்ளைத் துணியில் துடையுங்கள். டொயோட்டா போன்ற பலவற்றில் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, தடியை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு 'பி'யில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் சூடான எஞ்சினை நிறுத்தியதும் பார்க்க வேண்டும். முறை மாறினால் அளவு பொய் சொல்லும். தெளிந்த சிவப்பு நல்லது. கறுத்து, எரிந்த நாற்றம் அடித்தால் உள்ளே உராய்வுத் தட்டுகள் கருகியிருக்கின்றன. "ஒயில் மாற்றினால் சரியாகிவிடும் தம்பி" என்பார்கள். அவ்வளவு சுலபம் என்றால் அவரே மாற்றிவிட்டு இன்னும் நல்ல விலைக்குக் கொடுத்திருப்பாரே!

ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கடலோர ஊர்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பல ஓட்டோ கார்களில் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. கூலன்ட் ஊற்றாமல் உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் அந்தக் குழாய் அரித்து ஓட்டை விழும். ரேடியேட்டர் தண்ணீர் கியர்பொக்ஸுக்குள் போய்விடும். எனவே, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். துரு நிறத் தண்ணீர் இருந்தால், கியர் இன்று நன்றாக மாறினாலும், பேரத்தில் அதற்கு ஒரு விலை உண்டு.

பிரேக்கை மிதித்தபடி 'என்'னிலிருந்து 'டி'க்கும், பிறகு 'ஆர்'க்கும் மாற்றி, கார் பிடிக்கும் நேரத்தை எண்ணுங்கள். டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள் 'டி'க்கு 1.2 விநாடி, 'ஆர்'க்கு 1.5 விநாடி என்ற எல்லையைத் தருகின்றன. இரண்டு, மூன்று விநாடி காத்திருக்க வேண்டியிருந்தால் அழுத்தம் குறைவு. பழைய டொயோட்டாக்களில் 'ஓடி ஓஃப்' (ஓவர்டிரைவ் ஓஃப்) விளக்கு மின்னினால் பெட்டியின் கணினி கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள். சுவிட்சை அழுத்தி அந்த விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

பிரேக்கையும் எக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்துச் செய்யும் சோதனையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். சில விநாடிக்குமேல் நீடித்தால் நல்ல பெட்டியையும் கெடுத்துவிடும். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சிவிடியில் கியர் மாறும் உதறல் இருக்கவே கூடாது. நின்ற இடத்திலிருந்து மெதுவாக நகரும்போது நடுங்குவது, வேகம் ஏறும்போது நீளமாக ஊளையிடுவது, சூடானபின் வேகம் ஏற மறுப்பது ஆகிய மூன்றும் கெட்ட அறிகுறிகள். இவற்றுள் முதலாவதுக்கு, குறிப்பாகப் பழைய ஃபிட்டில், சரியான ஒயில் மாற்றினால் குணமாக வாய்ப்பு இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அந்த நம்பிக்கையை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

எக்ஸல்: மணலின் வேலை

முன் சக்கர இழுவைக் காரின் எக்ஸல் நுனிகளில், சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகளான சிவி ஜொயின்ட்களை மூடிய மடிப்பு ரப்பர் உறைகள் இருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மணல் உள்ளே வரும். நம் பகுதியில் கிரவல் பாதையும் கடற்கரை மணலும் சேர்ந்து, கிழிந்த உறைக்குள் இருக்கும் ஜொயின்டைச் சீக்கிரமே அரைத்துவிடும். வெற்று மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி மெதுவாக வட்டமிடுங்கள், பிறகு மறுபக்கம். 'டக் டக் டக்' என்று வேகத்தோடு சேர்ந்து அடித்தால் வெளி ஜொயின்ட் தேய்ந்தது. நேராகப் போய் வேகம் எடுக்கும்போது மட்டும் காரே ஆடினால் உள் ஜொயின்ட். புதுக் கிரீஸை அடைத்து இந்தச் சத்தத்தைச் சில நாளைக்கு அமுக்கலாம் என்பதால், உறை மட்டும் புதிதாக மின்னினால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

60 கிலோமீற்றர் வேகத்தில் தொடர்ந்து 'உம்' என்ற ஓசை வருகிறதா? வீதி காலியாக இருக்கும்போது சற்றே இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வளைவுக்கேற்ப ஓசை கூடிக் குறைந்தால் வீல் பெயரிங். மாறாவிட்டால் டயராக இருக்கலாம்.

பின் சக்கர வண்டியில் 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்றும்போதோ, காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதோ 'டங்' என்று இடித்தால் புரப்பெல்லர் தண்டின் மூட்டான யூ ஜொயின்ட். வண்டி அசையாதபடி சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கீழே போய்த் தண்டைக் கையால் முறுக்கினால் ஆட்டம் தெரியும். இழுக்கும்போது மட்டும் டிஃப் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால் பற்கள் பொருந்தும் இடம் கெட்டிருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றியே வாழ்ந்த வான்களில் இது சாதாரணம்.

வெள்ளம் பார்த்த காரா?

கியர்பொக்ஸுக்கும் டிஃப்புக்கும் மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. சூடாக ஓடிய வண்டி வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். எஞ்சின் நிற்காமல் கடந்துவிட்டது என்று உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். பெயரிங்குகள் உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கும். 2024 நவம்பர் இறுதி வெள்ளத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதி முழுதாக மூழ்கியது. தாழ்வான ஊர்களில் வடகீழ்ப் பருவமழையின்போது இது அடிக்கடி காணும் காட்சி. இருக்கைத் தண்டவாளங்களில் துரு, விரிப்பின் அடியில் மண்படிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எல்லா ஒயிலையும் வடித்துப் பார்க்காமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

எதை ஏற்கலாம், எதை விடலாம்

கிளட்ச் செட், சிவி ஜொயின்ட், யூ ஜொயின்ட், வீல் பெயரிங், எஞ்சின் மவுன்ட் ஆகியவை தேய்ந்து மாறும் பொருட்கள். கராஜில் செலவுக் கணக்கு வாங்கி, அதை விலையில் கழிக்கச் சொல்லி வாங்கலாம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இவற்றைச் செய்யக்கூடிய கைகள் நிறைய இருக்கின்றன. வழுக்கும் ஓட்டோவும் ஊளையிடும் சிவிடியும் அப்படியல்ல. அவற்றைத் திறந்து சரிசெய்யும் திறமை அரிது. பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டியைத் தேடி வாங்கிப் பொருத்துவதில்தான் முடியும். அப்படித் தேட நேர்ந்தால் காரின் தகட்டில் உள்ள கியர்பொக்ஸ் குறியீட்டை எழுதிக்கொண்டு போங்கள். ஒரே மாதிரிக் காருக்கும் வேறு வேறு பெட்டிகள் உண்டு. பொருத்தி ஓட்டிப் பார்க்க எத்தனை நாள் தருகிறார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வாங்கிய வாரத்தில்

முன்னவர் எப்போது ஒயில் மாற்றினார் என்ற பேச்சை மறந்துவிட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். கையேட்டில் மெனுவல் பெட்டிக்கு ஜிஎல்-4 என்ற ஒயில் தரம் குறிக்கப்பட்டிருந்தால் அதையே கேளுங்கள். டிஃப்புக்கான ஜிஎல்-5 ஒயிலில் சேர்க்கப்படும் கந்தகப் பொருட்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கடைக்காரர் "இரண்டும் ஒன்றுதான்" என்றால் கடையை மாற்றுங்கள். ஓட்டோவில் ஒருமுறை வடித்தால் முழு ஒயிலும் வராது, பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். இயந்திரம் போட்டு மொத்தமாகக் கழுவுவதைவிட, வடித்த அளவை நிரப்பி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் அதையே செய்வது பழைய பெட்டிக்குப் பாதுகாப்பானது என்பது என் கட்சி. சிவிடிக்கு உற்பத்தியாளர் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒயிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். நிசானுக்கு என்எஸ்-2 என்றால் என்எஸ்-2தான்.

பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ மணலில் சக்கரம் புதைந்தால் எக்ஸிலேட்டரை அமுக்கிச் சுழற்றாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழல்வது டிஃப்பின் சிறு பற்களைத் தின்றுவிடும். சிவிடியின் பட்டியும் வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும். டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கி, பலகை வைத்து, ஆட்களைத் தள்ளச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்றுபோன ஓட்டோ காரை உழவு இயந்திரத்தில் கட்டி இழுப்பது இங்கே வழக்கம். எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் ஒயிலைச் சுற்றிவிடும் பம்பும் ஓடாது. நியூட்ரலில் வைத்து, ஆள் நடக்கும் வேகத்தில், தண்ணீரைவிட்டு வெளியே வரும்வரை மட்டும் இழுக்கலாம். அங்கிருந்து கராஜுக்கு லொறியில் ஏற்றியோ, எஞ்சின் சுழற்றும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியோதான் கொண்டுபோக வேண்டும். ஒயிலை வடித்துப் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யவும் கூடாது.